பழைய கணினிகளின் கூட்டாற்றல்

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர். தனியொருவரால் அசைக்க இயலாத தேரைப் பலர் வடம்பிடித்து நிலைசேர்ப்பதுபோல, வலிமை குன்றிய கணினிகள் பலவற்றை வலையமைப்பால் பிணைத்துப் பெரும்பணிகளைச் செய்விக்க இயலும். அவ்வாறு பிணைக்கப்பட்ட தொகுதியே கணினிக் கொத்து எனப்படுகிறது.

திறந்த மூலநிரலின் பயன்

1994ஆம் ஆண்டு நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் ஆகியோர் 486 வகைச் செயலிகள் பதினாறை இணைத்து 'பேவுல்ஃப்' என்னும் கொத்தை உருவாக்கினர். அதற்கு லினக்ஸ் இயக்க அமைப்பைத் தேர்ந்தனர். ஓர் ஈத்தர்நெட் இணைப்பின் வேகம் போதாமையால், பெக்கர் அதன் இயக்கி நிரலைத் திருத்தித் தரவு இரு இணைப்புகளில் பகிர்ந்து செல்லுமாறு செய்தார். மூலநிரல் திறந்திருந்தமையாலேயே இத்திருத்தம் கைகூடியது.

உட்கருவும் ஒட்டுநிரலும்

இயக்க அமைப்பின் மையப்பகுதி கெர்னல் எனப்படும் உட்கரு ஆகும். செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிடுவது அதன் பணி. பொதுவான உட்கரு தன் கணினியை மட்டுமே அறியும். எனவே, கொத்தமைக்க இருவழிகள் உள்ளன. முதலாவது, உட்கருவை மாற்றாமல், கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறும் வகையில் பயன்பாட்டு நிரலை எழுதுவது. இரண்டாவது, உட்கருவையே திருத்துவது. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மோசிக்ஸும், அதன் கிளையாக 2002இல் வெளிவந்த ஓப்பன்மோசிக்ஸும் இவ்வகையினவாக இருந்தன. இவற்றில், பணிச்சுமை மிகுந்த கணினியிலிருந்து சுமை குறைந்த கணினிக்குச் செயல்முறை தானே இடம்பெயரும்.

உட்கருவைத் திருத்தும் வரிகளின் தொகுப்பு ஒட்டுநிரல் எனப்படும். அது எப்பதிப்புக்கென எழுதப்பட்டதோ, அப்பதிப்பின் மூலநிரலையே பெறுதல் வேண்டும். பதிப்பு மாறினால் ஒட்டு பொருந்தாது. பழைய கணினிகளில் நினைவகம் குறைவாதலின், வேண்டாத இயக்கிகளை நீக்கி, அவற்றின் வலையட்டைக்குரிய இயக்கியைச் சேர்த்துத் தொகுக்க வேண்டும். செயலிகள் வேறுபட்டால், மிகப் பழையதற்கேற்பத் தொகுப்பது முறை. முந்தைய உட்கருவை அழிக்காது வைத்திருப்பின், புதியது இயங்க மறுக்கும்போது அதனைக்கொண்டு மீளலாம்.

கல் சூப்புக் கணினி

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் ஆகியோர், புதிய கொத்துக்கு நிதி கிட்டாத நிலையில், கழிக்கப்பட்ட கணினிகளைக்கொண்டு 1997இல் ஒரு கொத்தை இயக்கினர். ஊரார் ஒவ்வொருவரும் சிறிது ஈந்ததால் வெறுங்கல் இட்ட பானையில் சூப்பு உருவான நாட்டுப்புறக் கதையால் அது பெயர்பெற்றது. அந்நாட்டின் சூழலியல் மண்டலங்களை வரைபடமாக்க அது பயன்பட்டது. விரைவான கணினிகள் தம் பங்கை முடித்தவுடன் அடுத்த பங்கைப் பெற்றன. ஆதலால் மெதுவானவற்றுக்காக அவை காத்திருக்க நேரவில்லை.

எல்லைகள்

பழைய கணினிகள் செய்யும் பணிக்கு மிகுதியாக மின்சாரம் கொள்வன. பல உள்ளகச் செயலிகள் மலிவானதும் ஓப்பன்மோசிக்ஸ் திட்டம் 2008இல் நிறைவுற்றது. எனினும், பணியைப் பகுத்தல், பகிர்தல், முடிவுகளைத் தொகுத்தல் ஆகிய நெறிகளே இன்றைய மீக்கணினிகளையும் இயக்குகின்றன. பெருநிதி இல்லாதாரும் அந்நெறிகளைத் தம் கைகளால் கற்றறியப் பழைய கணினிகள் வாயிலாய் அமைந்தன.