லட்டு நெய் சர்ச்சையில் அமுல் இட்ட ஒரு பதிவு: வணிகத்துக்கு எக்ஸ் தளம் எப்படிப் பயன்படும்?

திருப்பதி: திருமலை லட்டு தயாரிப்புக்கான நெய்யில் கலப்படம் நடந்ததாக ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 2024 செப்டம்பர் 18-ஆம் தேதி குற்றம் சாட்டினார். நாடு முழுவதும் பெரும் விவாதம் எழுந்தது. அந்தச் சலசலப்பில், தொடர்பே இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரும் அடிபட்டது. தேவஸ்தானத்துக்கு நெய் வழங்கியது அமுல்தான் என எக்ஸ் தளத்தில் சிலர் பதிவிட்டனர்.

இரண்டே நாள்களில், செப்டம்பர் 20 அன்று, அதே தளத்தில் அமுல் விளக்கம் அளித்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்குத் தாங்கள் ஒருபோதும் நெய் வழங்கியதில்லை என்பதே அதன் சாரம். தொடர்ந்து நிறுவனம் அளித்த புகாரின்பேரில், ஏழு எக்ஸ் பயனர்கள் மீது ஆமதாபாத் சைபர் குற்றப் பிரிவு போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர்.

கலப்படக் குற்றச்சாட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அக்டோபர் 4-ஆம் தேதி சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. அது தனிக் கதை. வணிகர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. நெய் மாதிரியைச் சோதித்த தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகம் இருப்பது குஜராத்தின் ஆனந்த் நகரில். அமுலின் தலைமையகமும் அங்கேதான். வதந்திக்கு இதுவே தீனியாகியிருக்கலாம். லட்சக்கணக்கான பால் உற்பத்தியாளர் குடும்பங்கள் நம்பியிருக்கும் ஒரு பெயர், இப்படியொரு தற்செயல் ஒற்றுமையால்கூடச் சிக்கலில் மாட்டக்கூடும்.

அமுலின் விளக்கம் செய்தியாக உடனே பரவியதற்குக் காரணம், அந்தக் கணக்கு அன்று புதிதாகத் தொடங்கப்பட்டதன்று. 1966 முதல் வெளிவரும் வெண்ணெய்ச் சிறுமி கேலிச்சித்திரங்களைச் சமூக வலைதளத்திலும் தொடர்ந்து வெளியிட்டு, வாசகர்களை ஏற்கெனவே அது ஈர்த்து வைத்திருந்தது. நெருக்கடி வந்தபின் கணக்குத் தொடங்கும் நிறுவனத்துக்கு இந்த வசதி கிடைக்காது.

சுருக்கமே பலம்

எக்ஸ் போன்றவை நுண்பதிவுத் தளங்கள் எனப்படுகின்றன. 2006-இல் ட்விட்டர் தொடங்கியபோது ஒரு பதிவுக்கு 140 எழுத்துகளே வரம்பு. 2017 நவம்பரில் அது 280 ஆனது. 2023 ஜூலையில் தளத்தின் பெயர் எக்ஸ் என மாறியது. கட்டணம் செலுத்துவோர் இப்போது நீண்ட கட்டுரையே எழுதலாம். ஆயினும் வாசகர் நின்று படிப்பது இரண்டு வரிகளைத்தான்.

இந்த இரண்டு வரிகளில் பொருளை விற்க முடியும் என முதலில் காட்டிய பெருநிறுவனங்களில் ஒன்று, அமெரிக்காவின் டெல் கணினி நிறுவனம். திரும்பி வந்து சீரமைக்கப்பட்ட கணினிகளின் தள்ளுபடி விலையை அது ட்விட்டரில் அறிவித்தது. 2007 முதல் 2009 ஜூன் வரை அதன்வழி 30 லட்சம் டாலர் வருவாய் கிட்டியதாக அந்நிறுவனம் தெரிவித்தது. இருப்பு குறைவு, விலை மலிவு, தாமதித்தால் கிடைக்காது என்ற நிலை அங்கே உண்மையாகவே இருந்தது. சொல்ல அப்படியொரு செய்தி இல்லாமல், ‘காலை வணக்கம்’ படங்களை மட்டும் பதிவிடும் கடைக்கு அதே பலனை எதிர்பார்க்க இயலாது.

டிராக்டரும் இட்லியும்

2020 ஜூலையில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளி பகுதியில், மகள்கள் ஏர் இழுக்க உழவு நடைபெறும் காணொலி ஒன்று பரவியது. அதைக் கண்ட நடிகர் சோனு சூட், முதலில் எருதுகள் தருவதாகப் பதிவிட்டார். பின்னர் டிராக்டரே அனுப்புவதாக அறிவித்தார். சோனாலிகா டிராக்டர் வந்து சேர்ந்த படங்கள் நாடெங்கும் பகிரப்பட்டன. நிறுவனத்தின் பெயரும் செலவின்றிப் பேசப்பட்டது. அடுத்த சில நாள்களில், அக்குடும்பத்தின் உண்மையான பொருளாதார நிலை குறித்து இன்னொரு விவாதமும் எழுந்தது. உருக்கமான காட்சியோடு தன் பெயரை இணைக்க விரும்பும் எந்த நிறுவனமும், முதலில் ஆளனுப்பி விசாரித்துக்கொள்வது நல்லது.

கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியின் கதை இதனினும் நீண்டது. 2019 செப்டம்பரில் அவரைப் பற்றி ஆனந்த் மஹிந்திரா பதிவிட்டார். பாரத் கேஸ் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கியது. 2022 மே மாதம், அன்னையர் தினத்தன்று, மஹிந்திரா குழுமம் கட்டித் தந்த வீடும் கிடைத்தது. அந்தப் பதிவு மூன்று ஆண்டுகள் கழித்தும் நினைவுகூரப்படுவது, சொன்னபடி வீடு எழும்பியதால்தான்.

உள்ளூர்த் தொழில்களுக்கு

பெருநிறுவனங்களை விடுவோம். திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு உண்டு. மூங்கில் எழுதுகோலால் கையால் வரையப்படும் துணி அது. கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பார்கள். வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் நாள்கணக்கில் ஊறவைத்துக் கறுப்பு மை எடுப்பார்கள். அச்சிட்ட துணியும் சந்தையில் கலம்காரி என்ற பெயரிலேயே குறைந்த விலைக்கு விற்கிறது. வாங்குவோருக்கு வேறுபாடு தெரிவதில்லை, நட்டம் கைவினைஞருக்கே. துணி ஊறுவது முதல் ஆற்றில் அலசுவது வரை நாளொரு படமாகப் பதிவிட்டால், விலை ஏன் அதிகம் என்ற கேள்விக்கு விளம்பரம் இன்றியே விடை கிடைத்துவிடும். தெலுங்கோடு தமிழிலும் எழுதினால் வேலூர், சென்னை வாடிக்கையாளர்களையும் எட்டலாம்.

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளின் நிலை வேறு. அவற்றின் வாடிக்கையாளர்கள் குளிர்பான நிறுவனங்களும் ஏற்றுமதியாளர்களும். தோத்தாபுரி விலை சரிந்த 2025 பருவத்தில், கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய் வழங்க, அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய சிக்கலை எந்த ஹேஷ்டேக்கும் தீர்க்காது.

போலியும் விதியும்

2022 நவம்பரில், கட்டணம் கட்டி நீலக்குறி பெற்ற போலிக் கணக்கு ஒன்று, இன்சுலின் இனி இலவசம் என அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் அறிவித்தது. உண்மையான நிறுவனம் பொதுமக்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. எனவே அதிகாரபூர்வக் கணக்கின் பெயரைக் கடைப் பலகையிலும் ரசீதிலும் அச்சிட்டு வைப்பது சிறு கடைக்கும் பாதுகாப்பு.

பணமோ இலவசப் பொருளோ கொடுத்துப் பிறரைப் பதிவிடச் செய்தால், அது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது.

தளமே மறைந்துபோகும் ஆபத்தும் உண்டு. தமிழ், தெலுங்கு உள்ளிட்ட இந்திய மொழிகளை முன்னிறுத்தி 2020-இல் வந்த ‘கூ’ செயலி, 2024 ஜூலையில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை அவர்களின் ஒப்புதலோடு தனியே குறித்து வைத்திருந்த வணிகர்களுக்கு அதனால் பெரிய இழப்பு இராது.