ஒரு கொட்டகையோடு நிற்கட்டும்

நாமக்கல் பக்கம் ஒழுங்காக நடக்கும் கோழிப்பண்ணையில், தீவன லாரியின் சக்கரத்துக்கு வாசலிலேயே கிருமிநாசினி அடிப்பார்கள். வேலையாட்கள் மருந்துத் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் கொட்டகைக்குள் போக வேண்டும். லாரிக்காரர் மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. நோயைச் சுமந்து வருகிறவருக்கே அது தெரியாது. ஒரு கொட்டகையில் வந்தது அடுத்ததற்குத் தாவக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. லினக்ஸ் கணினியில் கேம் ஆடுகிறவர்கள் செயலிகளை ‘சாண்ட்பாக்ஸ்’ எனப்படும் தனி அடைப்புக்குள் நிறுவ வேண்டும் என்பதற்கும் இதே கணக்குதான் அடிப்படை. அதைத் திருடனுக்கான பூட்டு என்று நினைப்பதால்தான், “நம்பகமான மென்பொருளைத்தானே போடுகிறேன், எனக்கெதற்கு?” என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்விக்கு 2015 ஜனவரியிலேயே பதில் கிடைத்துவிட்டது. ஸ்டீம், வால்வ் நிறுவனத்தின் கேம் கடை. கோடிக்கணக்கானோர் நம்பிப் போடும் மென்பொருள். பயனர் ஒருவர் ஸ்டீம் கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அதற்கு ஓர் இணைப்பு வைத்தார். ஸ்டீமைத் தொடங்கும் ஸ்கிரிப்டில், ‘என் கோப்புறைக்குள் இருப்பதையெல்லாம் அழி’ என்று ஒரு வரி இருந்தது. கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகிப்போக, அந்த வரி ‘கணினியின் வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி’ என்றாகிவிட்டது. அவர் அழிக்க உரிமை பெற்றிருந்த கோப்புகள் அத்தனையும் போயின, செருகியிருந்த பேக்கப் டிரைவில் இருந்தவை உட்பட. அந்த வரியை எழுதியவரே அதன் பக்கத்தில் ‘பயமாக இருக்கிறது’ என்று குறிப்பும் வைத்திருந்தார். இதில் வைரஸும் இல்லை, திருடனும் இல்லை.

செயலிகளை அடைப்புக்குள் நிறுவித் தரும், 2016இல் இன்றைய பெயரைப் பெற்ற ஃபிளாட்பேக் இந்த இடத்தில்தான் உதவுகிறது. லினக்ஸ் கெர்னலின் ‘நேம்ஸ்பேஸ்’ வசதியைக் கொண்டு, செயலியின் கண்ணுக்கு என்னென்ன கோப்புறைகள் படலாம் என்பதை அது வரையறுக்கிறது. ஃபிளாட்பேக்காக நிறுவிய ஸ்டீம், தனக்கென ஒதுக்கிய கோப்புறையையே தன் வீடாக எண்ணிக்கொள்ளும். உங்கள் குடும்பப் படங்களை அதனால் அழிக்க முடியாது. அந்த 2015 வரி இதற்குள் ஓடியிருந்தால், நட்டம் அந்தக் கொட்டகையோடு நின்றிருக்கும். 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் கருவியின் இயங்குதளமும் இதே போக்கில்தான் போகிறது. அடிப்படை அமைப்பு எழுத முடியாதபடி பூட்டியே இருக்கும். பூட்டைத் திறந்து ‘பேக்மேன்’ என்ற நிறுவல் கருவி வழியாக எதையாவது திணித்தால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும். ‘டிஸ்கவர்’ என்ற செயலிக் கடை வழியாகப் போட்ட ஃபிளாட்பேக் செயலிகள் அப்படியே இருக்கும்.

இடத்தை விழுங்குகிறதே என்பார்கள். முதல் செயலி தனக்குத் தேவையான ‘ரன்டைம்’ தொகுப்பையும் இழுத்துக்கொண்டு வருவதால் அப்படித் தோன்றும்; அதே ரன்டைமைக் கேட்கும் அடுத்த செயலி இருப்பதையே பகிர்ந்துகொள்ளும். என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு டிரைவர் பதிப்புக்கு ஏற்ற துணைத்தொகுப்பும் சேர்ந்து இறங்கும் என்பது உண்மை. பயன்படாத ரன்டைம்களை அவ்வப்போது நீக்குவதே அதற்கு வழி. வேகம் குறையுமோ என்ற அச்சத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை. இது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஏற்பாடு அல்ல. கேம் அதே கெர்னலில், அதே கிராபிக்ஸ் கார்டில்தான் ஓடுகிறது.

வலுவான ஆட்சேபம் வேறு. பல செயலிகள் ஹோம் கோப்புறை முழுவதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டே வருகின்றன. அப்படியானால் இது பெயரளவு வேலிதானே? சரிதான். மருந்துத் தொட்டி வறண்டு கிடந்தால் அதை மிதித்து என்ன பயன்? ஆனால் வேலியில் எங்கே வழி விடுவது என்பது நம் கையில் இருக்கிறது. ஃபிளாட்சீல் என்ற சிறு செயலியைத் திறந்தால் ஒவ்வொரு செயலிக்கும் உள்ள அனுமதிகள் சுவிட்சுகளாகத் தெரியும். இரண்டாவது டிரைவில் உள்ள கேம்கள் ஸ்டீமுக்குத் தெரியவில்லை என்றால், எரிச்சலில் எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கேம் இருக்கும் கோப்புறையின் பாதையை மட்டும் அங்கே சேர்த்தால் போதும். நிறுவுவதற்கு ஒரு கிளிக் ஆகும் என்றால், இதற்கு இரண்டு நிமிடம். பேக்கப் டிரைவின் பெயருக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமே கொடுக்கக் கூடாது.