கொதிநீரும் பால் புட்டியும்

பிறந்தது முதல் ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு; இந்தியக் குழந்தை மருத்துவர்களும் இதையே வலியுறுத்துகின்றனர். ஆயினும் குறைமாதத்தில் பிறந்து மார்பில் சப்பிக் குடிக்க வலுவில்லாத குழந்தைகள், கடும் நோயால் பாலூட்ட இயலாத தாய்மார், பேறுகால விடுப்பு முடிந்ததும் பாலை எடுத்துவைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் எனப் புட்டியின் தேவை எழும் வீடுகள் பல உண்டு. அவ்வீடுகளில் புட்டி வாங்கும் வேலை, பிரசவ நேரத்துப் பரபரப்புக்கு இடையே யாரோ ஒருவரிடம் ஒப்படைக்கப்பட, அவரும் விலையையும் நிறத்தையும் பொம்மைப் படத்தையும் பார்த்து ஒன்றை எடுத்து வருகிறார். புட்டியின் பாதுகாப்பை முடிவு செய்பவையோ வேறு: அது எப்பொருளால் ஆனது, எவ்வளவு சூட்டுக்கு உள்ளாகிறது, அதன் மூலைமுடுக்கெல்லாம் கழுவ முடிகிறதா என்பவை.

கழுவ முடியாத புட்டி என்ன செய்யும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து கொடிய சான்றாக நிற்கிறது. தட்டையான கண்ணாடிக் குடுவை, அதிலிருந்து நீளும் ரப்பர் குழாய், குழாயின் முனையில் ஒரு காம்பு என்ற அமைப்பில் அக்காலத்தில் விற்கப்பட்ட புட்டிகள், யாரும் பிடித்துக்கொள்ளாமலேயே குழந்தை படுத்தபடி தானாகக் குடிக்க உதவியதால் வீடுகளில் பெரிதும் விரும்பப்பட்டன. தூரிகை நுழையாத அக்குழாயின் உட்சுவரில் பால் படலமாகப் படிந்து புளிக்க, அதில் பெருகிய கிருமிகள் அடுத்த வேளைப் பாலுடன் குழந்தையின் வயிற்றுக்குள் சென்றன. 1861இல் வெளிவந்து இல்லத்தரசிகளின் வழிகாட்டியாக விளங்கிய பீட்டன் அம்மையாரின் இல்லப் பராமரிப்பு நூல், ஒருமுறை பொருத்திய காம்பை இரண்டு மூன்று வாரங்களுக்குக் கழற்ற வேண்டியதில்லை என்றே அறிவுறுத்தியிருந்தது. ‘கொலைப் புட்டிகள்’ என்று பெயர் பெற்று, மருத்துவர்களின் கண்டனத்துக்கு ஆளான பின்னரும் அவை பல ஆண்டுகள் கடைகளில் கிடைத்தன. பிரான்ஸ் 1910இல் சட்டம் இயற்றி நீள்குழாய்ப் புட்டிகளைத் தடை செய்தது. இன்றைய புட்டிகளில் அந்தக் குழாய் இல்லை. ஆனால் வயிற்றில் காற்று சேராமல் தடுக்கும் என்று கூறி உள்ளே செருகப்படும் மெல்லிய உறிஞ்சிகளும், பல துண்டுகளாகக் கழற்றிப் பூட்ட வேண்டிய அடைப்பிதழ்களும் அதே ஆபத்தைச் சிறிய அளவில் திரும்பக் கொண்டுவருகின்றன என்பதை வாங்குவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

புட்டி செய்யப்படும் பொருளைப் பற்றிய கவலை பிற்காலத்தது. கண்ணாடிபோல் தெளிவாகவும் கீழே விழுந்தால் உடையாமலும் இருந்ததால் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் பல பத்தாண்டுகள் பால் புட்டிச் சந்தையை ஆண்டது. அது பிஸ்பீனால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ, என்ற வேதிப்பொருளின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யப்படுவது. அந்த மூலக்கூறு பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போல உடலில் செயல்படக்கூடியது என்பதைப் பிரிட்டன் வேதியியலாளர் சார்லஸ் டாட்ஸ் 1936இலேயே காட்டியிருந்தார். கொதிநீரும் காரத்தன்மை மிகுந்த சோப்பும் அச்சங்கிலியின் கண்ணிகளை அறுத்துப் பிபிஏவைப் பாலில் கலக்கவிடுகின்றன. பலமுறை கொதிக்கவைத்துக் கீறலும் மங்கலும் விழுந்த புட்டியில் இக்கசிவு கூடுகிறது. உறுப்புகள் உருவாகிக்கொண்டும் முதிர்ந்துகொண்டும் இருக்கும் பருவத்தில், உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட மிகுதியாக உட்கொள்ளும் குழந்தைக்கு இது சிறிய செய்தியன்று. கனடா 2008இல் பால் புட்டிகளில் பிபிஏவைத் தடை செய்யும் முடிவை அறிவிக்க, ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் அதே வழியில் சென்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் என முன்பு ஏற்றுக்கொண்டிருந்த வரம்பை 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு, குறைத்தது.

இந்தியாவில் இந்திய தர நிர்ணய அமைப்பு, பிளாஸ்டிக் பால் புட்டிகளுக்கான ஐஎஸ் 14625 என்ற தன் தர விதியை 2015இல் திருத்திப் பிபிஏவுக்கு இடமில்லாமல் செய்தது. ஆனாலும் தயாரிப்பாளர் பெயரும் இலக்கமும் இல்லாத மலிவுப் புட்டிகள் சந்தையிலிருந்து மறைந்துவிடவில்லை. இங்கேதான் பெற்றோருக்குத் துணையாக நிற்கும் சட்டம் ஒன்று பேசப்படாமலே கிடக்கிறது. 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுகள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் சட்டம், 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. புட்டிகளுக்கு விளம்பரம் செய்வதையும், விற்பனையைப் பெருக்குவதற்காக அவற்றை இலவசமாக வழங்குவதையும் அது தடை செய்வதோடு, தர முத்திரை இல்லாத புட்டியை விற்கவே கூடாது என்றும் விதிக்கிறது. ஆகவே உறையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, அதன் மேல் தர விதியின் எண்ணும் கீழே ‘சிஎம்/எல்’ எனத் தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியுள்ளனவா என்று பார்ப்பது வாங்குவோரின் முதல் வேலை. அந்த உரிம எண்ணைத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

‘பிபிஏ இல்லை’ என்ற வாசகம் மட்டும் போதுமா என்றால் போதாது. பிபிஏவுக்கு மாற்றாகச் சில பொருள்களில் புகுத்தப்பட்ட பிஸ்பீனால் எஸ் என்ற உறவுப் பொருளும் இயக்குநீர்போலச் செயல்படக்கூடியது என ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே எது இல்லை என்பதைவிட எதனால் ஆனது என்று பார்ப்பதே நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், அதாவது சற்றே மங்கலான, எடை குறைந்த, இன்று மிகப் பரவலாகக் கிடைக்கும் பிளாஸ்டிக். 7 என்ற எண் ‘மற்றவை’ என்ற தொகுப்பைக் குறிப்பதால், பழைய பாலிகார்பனேட்டும் சூட்டைத் தாங்கும் விலையுயர்ந்த பிபிஎஸ்யூ என்ற பிளாஸ்டிக்கும் அதற்குள் அடங்கும். ஆகவே 7ஐ மட்டும் கண்டு அஞ்சவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம், பொருளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும்.

பாலிபுரொப்பிலீனும் குறையற்றது அன்று. டப்ளினிலுள்ள டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, பால் பவுடர் கலக்கும் வழக்கமான முறையில் இவ்வகைப் புட்டிகளிலிருந்து ஒரு லிட்டருக்கு 1.6 கோடி வரையிலான நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளிப்படக்கூடும் என்று கண்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது சூட்டின் பங்கு: நீரின் வெப்பநிலையை 25 டிகிரி செல்சியசிலிருந்து 95 டிகிரிக்கு உயர்த்தியபோது, துகள்களின் எண்ணிக்கை லிட்டருக்கு 6 லட்சத்திலிருந்து 5.5 கோடியாக ஏறியது. இத்துகள்கள் குழந்தையின் உடலுக்கு என்ன தீங்கு செய்யும் என்பது இன்னும் நிறுவப்படாததால் பதற்றம் தேவையில்லை. எனினும் தவிர்க்க எளிய வழி இருக்கும்போது தவிர்ப்பதே முறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. அதில் குரோனோபாக்டர் என்ற கிருமி அரிதாக இருக்கக்கூடும் என்பதாலும், அது பச்சிளங்குழந்தைக்கு மூளை உறைக் காய்ச்சல்வரை கொண்டுவிடும் என்பதாலும், 70 டிகிரிக்குக் குறையாத நீரில்தான் பவுடரைக் கலக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வழிகாட்டியது. துகளுக்கு அஞ்சி வெதுவெதுப்பான நீரில் கலந்தால் கிருமி பிழைக்கும். கிருமிக்கு அஞ்சிக் கொதிநீரைப் பிளாஸ்டிக்கில் ஊற்றினால் துகள் பெருகும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: கொதித்து இறக்கி, அரை மணிக்குமேல் ஆறவிடாத நீரைச் சுத்தமான கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துப் பவுடரைக் கரைத்து, குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே புட்டியில் ஊற்றுவது. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பிளாஸ்டிக் புட்டியையும், கொதித்து ஆறிய நீரால் குறைந்தது மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்தலாம்.

கண்ணாடிப் புட்டி இந்தச் சங்கடங்கள் பலவற்றிலிருந்து விடுவிக்கிறது. போரோசிலிகேட் எனப்படும் சூடு தாங்கும் கண்ணாடி எதையும் கசியவிடுவதில்லை, கீறல் எளிதில் விழுவதில்லை, பாலின் வாடையைப் பிடித்துவைப்பதும் இல்லை. உடையும் என்பது உண்மைதான். ஆனால் பிறந்த குழந்தை புட்டியைத் தானே பிடிப்பதில்லை, பெரியவர் கையில்தான் அது இருக்கிறது என்பதால், முதல் மாதங்களுக்குக் கண்ணாடியே மேலானது. எவர்சில்வர் புட்டியும் நல்லதே, அளவு வெளியே தெரியாது என்ற குறை மட்டும் உண்டு. 2022இல் அமெரிக்காவில் சில எஃகுப் புட்டிகள், அடிப்பகுதியின் மூடி கழன்றால் வெளிப்படும் ஈயப் பற்றவைப்புக்காகத் திரும்பப் பெறப்பட்டன என்பதால், அடி கழன்று ஆடும் எஃகுப் புட்டியை உடனே ஒதுக்கிவிட வேண்டும். எதை வாங்கினாலும் தூரிகை அடிவரை செல்லும் அகன்ற வாயும், உள்ளே மடிப்பில்லாத நேர்ச்சுவரும் இருக்கட்டும். பிறந்த குழந்தைக்கு 120 மில்லி அளவே தாராளம்.

காம்பைப் பொறுத்தவரை, இயற்கை ரப்பர் மென்மையானது என்றாலும் விரைவில் பிசுபிசுத்து உப்பிவிடும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும்; சிலிக்கோன் கொதிநீரைத் தாங்கி நெடுநாள் உழைக்கும். எவ்வகையாயினும் நிறம் மாறினாலோ, இழுத்துப் பார்க்கையில் மெல்லிய கீறல் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். துளை சிறியதாக, மெதுவாகப் பால் வரும் வகையாக இருக்க வேண்டும்: புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டுமே தவிர ஒழுகக் கூடாது. குழந்தை குடிக்க நேரமாகிறது என்று ஊசியைச் சுட்டுத் துளையைப் பெரிதாக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது புரையேறவும் பால் மூச்சுக்குழலில் இறங்கவும் வழி செய்வதால் அறவே கைவிடத்தக்கது.

புட்டியே வேண்டாத வழியும் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதன்று. வெள்ளியிலோ பித்தளையிலோ செய்து, மூக்கு நீண்ட அகல்விளக்கு வடிவில் இருக்கும் பாலாடை, சங்கு என்றும் வழங்கப்படுவது, இன்று எவர்சில்வரில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்டப் பயன்படுகிறது. துளையும் திருகும் அடைப்பிதழும் இல்லாத அதை ஒரு நிமிடத்தில் கழுவிக் கொதிக்கவைத்துவிடலாம். காம்பின் சப்பலுக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் குறைவு. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். அவசரமாக வாயில் ஊற்றுவது மட்டும் ஆகாது. ஆகவே சில நாள்களுக்கோ சில வேளைகளுக்கோ மட்டும் மாற்று வேண்டியிருக்கும் வீட்டார், புட்டி வாங்கும் முன் பாலாடையில் ஊட்டும் முறையை மருத்துவமனைச் செவிலியரிடம் கற்றுக்கொள்ளலாம். புட்டிதான் வேண்டுமென்றால், அக்காள் குழந்தைக்கு வாங்கிய மங்கிய பழைய பிளாஸ்டிக் புட்டியைத் தங்கையின் குழந்தைக்கு எடுத்துக் கொடுக்காமல், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய கண்ணாடிப் புட்டி ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.