இணையவழிக் கணினி வகுப்பு: காசு கட்டுமுன் பார்க்க வேண்டிய கடதாசிகள்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகளோ உயர் தரப் பெறுபேறுகளோ வெளியாகிச் சில கிழமைகள் கழிவதற்குள், கீரிமலையிலும் மாவிட்டபுரத்திலும் தெல்லிப்பழையிலும் உள்ள பிள்ளைகள் அநேகர், கைப்பேசித் திரையில் வந்த விளம்பரம் ஒன்றைக் கண்டு, வீட்டிலிருந்தபடியே ஆறு மாதத்தில் கணினி டிப்ளோமா பெறலாம் என்னும் வாக்கை நம்பி, தாய் தந்தையர் நகையை அடகுவைத்து எடுத்த பணத்தை முகமறியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, அதன் பின்னரே அந்தச் சான்றிதழை வழங்குவது யார், அது எங்கே செல்லுபடியாகும் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இரண்டு பரப்புக் காணி வாங்குவதென்றால் உறுதியை நொத்தாரிசிடம் காட்டி, முன்னுறுதிகளைத் தேடி, எல்லையை அளந்து பார்த்தே கைச்சாத்திடும் நம்மவர்கள், பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைக்கும் விஷயத்தில் மாத்திரம் ஒரு கடதாசியும் கேட்பதில்லை.

இன்னொரு கூட்டத்தாரின் நிலை வேறு. அவர்கள் சேர்ந்த பாடநெறி நல்லது, நிறுவனமும் மெய்யானது. ஆயினும் வகுப்புத் தொடங்கி மூன்றாம் கிழமைக்குள், மடிக்கணினி இல்லை, தரவு தீர்ந்துவிட்டது, ஒப்படை கொடுக்கும் நேரம் பிந்திவிட்டது, பதிவிலுள்ள பெயர் அடையாள அட்டையோடு ஒத்துவரவில்லை என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி விலகிவிடுகிறார்கள். இவர்கள் புத்தியிலோ உழைப்பிலோ குறைந்தவர்கள் அல்லர். வகுப்புக்கு முந்திய ஒரு மாதத்தில் செய்து முடிக்க வேண்டிய காரியங்களை எவரும் இவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நம்பத்தகுந்த வாசல்கள் இந்நாட்டில் இல்லாமலில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப இளமாணி என்னும் வெளிவாரிப் பட்டத்தை அதன் கணினிக் கல்லூரி இன்றும் நடத்திவருகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் திறந்த கற்றல் தளம் ஒன்றில் நிரலாக்கப் பாடங்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் கொக்குவிலில், நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இவற்றோடு, கனடாவிலுள்ள உறவினர் சொல்லி, அந்நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளின் இணைய வகுப்புகளில் சேர விரும்புவோரும் உண்டு.

இங்கே முதல் எச்சரிக்கை. வெளிவாரிப் பட்டத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ரியூற்றரியில் சேர்வது வேறு. பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிவது வேறு. ரியூற்றரிக்குக் காசு கட்டிவிட்டுப் பல்கலைக்கழகத்திலும் பதிந்தாயிற்று என்று எண்ணியிருந்து, பரீட்சை நெருங்கும்போது தம் பெயர் எங்குமே இல்லை என்று அறிகிறவர்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். பல்கலைக்கழகத்தின் பதிவு இலக்கம் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு வந்து சேரும்வரை நீங்கள் மாணவர் அல்லர்.

தொழிற்கல்விப் பாடநெறிகளுக்கு வருவோம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில், தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனம் ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு இலக்கத்தை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டவுடன் பெற்றோர் திருப்தியடைந்துவிடுகின்றனர். நிறுவனம் பதிவு பெறுவது ஒன்று. அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெறுவது மற்றொன்று. பதிவு பெற்ற நிறுவனமே தரச்சான்று பெறாத பத்துப் பாடநெறிகளை நடத்தலாம். அவற்றின் முடிவில் கிடைப்பது அந்நிறுவனத்தின் சொந்தக் கடதாசியே தவிர, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமை அன்று. தேசிய தொழிற்றகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தாவது டிப்ளோமா, ஆறாவது உயர் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, ‘இது டிப்ளோமாவா?’ என்பதன்று. ‘இப்பாடநெறி எந்த மட்டத்துக்குத் தரச்சான்று பெற்றுள்ளது, அது எத்தனையாம் திகதிவரை செல்லுபடியாகும்?’ என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் தர மறுத்தால் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமலே அரச நிறுவனத்திடம் தகவல் கோரலாம். சட்டத்தின் கீழ் அங்கீகாரமோ அனுமதியோ பெற்ற தனியார் தொழிற்கல்வி நிறுவனங்களும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்குகின்றன. இதை அறிந்தவர் மிகச் சிலர். ஒரு வெள்ளைத் தாளில், ‘தகவல் அலுவலர், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, நிபுணதா பியச, 354/2, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 5’ என்று விலாசமிட்டு, நிறுவனத்தின் பெயர், கிளையின் விலாசம், பாடநெறியின் முழுப் பெயர் ஆகியவற்றைக் குறித்து, மூன்றே கேள்விகளை எழுதுங்கள்: நிறுவனம் பதிவு பெற்றதா, இந்தப் பாடநெறி தரச்சான்று பெற்றதா, எந்த மட்டத்துக்கு எத்திகதிவரை. தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் வரவேண்டும். வராவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்குப் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதற்கப்பால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மறுமொழி அனுப்பும் வழக்கம் கொழும்புக் கந்தோர்களில் இன்னும் ஒழியவில்லை. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழில் மறுமொழி பெறும் உரிமையைத் தந்திருக்கையில், அக்கடிதத்தை மொழிபெயர்க்க ஆள் தேடி அலைவது நம் கடமையன்று. தமிழில் தரும்படி மீண்டும் ஒரு கடிதம் எழுதுங்கள். ‘இன்றைக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம்’ என்று அவசரப்படுத்துகிறவர், இந்தச் சில கிழமைகளை உங்களுக்குத் தர விரும்பாதவர் என்பதை உணருங்கள்.

வெளிநாட்டுப் பட்டமாயின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இதே முறையில் எழுதுங்கள்.

அடுத்தது பெயர். கீரிமலையாருக்கு இதில் விசேஷ இடர் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வருஷக்கணக்காக இருந்து மீண்ட குடும்பங்களில், பெற்றோரின் பத்திரங்கள் தொலைந்து, பிள்ளைகளின் பிறப்பு வெவ்வேறு இடங்களில் பதியப்பட்டிருக்கிறது. பிறப்புப் பதிவு, குடும்பம் வசிக்கும் இடத்தைப் பொறுத்ததன்று. பிறப்பு நிகழ்ந்த இடத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பிறந்த பிள்ளையின் சான்றிதழைத் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் தேடி, இல்லையென்று கைவிரிக்கப்பட்டுத் திரும்பியவர்களுக்கு, எந்தப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளைக்குப் போகவேண்டும் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல அங்கு எவருக்கும் நேரமிருந்ததில்லை. பழைய பிரதியிலுள்ள பதிவு இலக்கத்தையும் பிரிவின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள். பரீட்சைச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் கல்லூரி அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைக் கேட்டால், அதற்காகக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணம் கச்சேரியிலேயே இருக்கிறது.

தந்தை பெயரை முதலில் எழுதுவதா, தன் பெயரையா, முதலெழுத்தை விரிப்பதா என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதிவிட்டு, பரீட்சை நாளில் கமெராவுக்கு முன் அடையாள அட்டையைக் காட்டும்போது திகைக்கிறார்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதிலுள்ளவாறும், இல்லையேல் அடையாள அட்டையிலுள்ளவாறும், ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் பாவியுங்கள். அடையாள அட்டையின் படத்தை முகவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தவிர்க்க முடியாதெனில், பிரதியின் குறுக்கே எதற்காக, யாருக்கு, எத்திகதியில் கொடுத்தது என்று எழுதியே அனுப்புங்கள்.

பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே போகவேண்டும். தனியாளின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். அவர் ஆசிரியராயினும், ஊரவராயினும், உறவினராயினும் அனுப்பாதீர்கள். பற்றுச்சீட்டில் பாடநெறியின் பெயரும், எந்தத் தவணைக்கான கட்டணம் என்பதும், விலகினால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதும் இருக்கவேண்டும்.

இனி உபகரணம். நிரலாக்கம் கைப்பேசியில் பயிலும் வித்தையன்று. புதிய கணினி வாங்க வசதியில்லாதவர், எட்டு ஜிகாபைற் நினைவகமுள்ள பழைய மடிக்கணினி ஒன்றையேனும் தேடிக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு வேண்டிய மென்பொருள்களை முதல் நாளுக்கு முன்னரே நிறுவி இயக்கிப் பார்க்கவேண்டும். காணொளி வகுப்பு மணித்தியாலம் ஒன்றுக்கு, படத்தின் தரத்தைப் பொறுத்து, அரை ஜிகாபைற் முதல் ஒன்றுக்கு மேலும் விழுங்கும். கல்விப் பொதி என்று விற்கப்படுபவை குறித்த சில தளங்களுக்கு மாத்திரமே செல்லுபடியாகின்றன என்பதால், உங்கள் கல்லூரியின் தளம் அதில் அடங்குமா என்று வாங்குமுன் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகை இடிமழையில் மின்சாரம் போவதும் றூட்டர் எரிவதும் இப்பகுதியில் புதிதன்று. றூட்டருக்குச் சிறிய மின்கலச் சேமிப்பு ஒன்றும், வேறு நிறுவனத்தின் சிம் அட்டை ஒன்றும் இருப்பது நன்று. இணைப்புத் தொடர்ந்து பழுதாயிருந்தால், முதலில் சேவை வழங்குநரிடம் முறையிட்டு அந்த முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு மூலைகூட அமைதியாக இல்லையெனில், ஊர்ச் சனசமூக நிலையத்தின் நிர்வாகத்தை அணுகி, மாலை வேளையில் ஒரு மேசை கேளுங்கள். பத்திரிகை வாசிப்பதற்கு மட்டுந்தானா அந்த மண்டபங்கள்?

வெளிநாட்டு வகுப்பில் சேர்ந்தோரை நேரமே அதிகம் வீழ்த்துகிறது. ரொறன்ரோவில் நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் முன் முடியும் ஒப்படை, கோடையில் நமக்கு மறுநாட் காலை 9.29க்கும், குளிர்காலத்தில் 10.29க்கும் முடியும். அங்கே மாலை ஏழு மணி வகுப்பு, இங்கே விடியற்புறம் நாலரை அல்லது ஐந்தரை. பங்குனியிலும் கார்த்திகையிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது நம் அட்டவணையும் மாறும். அதைக் கல்லூரி நமக்கென்று தனியே நினைவூட்டாது.

ஒப்படையைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு அனுப்பினால் மறுமுனையில் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. தமிழில் எழுதுவதாயின் ஒருங்குறியில் எழுதப் பழகுங்கள். பிறர் எழுதிய நிரலைக் காசு கொடுத்து வாங்கி ஒப்படைக்கும் இழிவு நம்மிடையே பரவிவருகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் அதைக் கண்டுபிடிக்கின்றன. அகப்பட்டவர் கட்டிய கட்டணத்தையும் பெயரையும் ஒருங்கே இழக்கிறார். முதற் கிழமையிலேயே பாடத்திட்டத்தை முழுவதும் வாசித்து, எல்லாத் திகதிகளையும் சுவர்க் கலண்டரில் எழுதி, விளங்காததை ஆசிரியருக்கு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏமாற்றப்பட்டால், வாயால் சண்டையிட்டு நாளைக் கடத்தாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். மூன்று மாதம். ‘அடுத்த மாதம் திருப்பித் தருகிறோம்’ என்று நிறுவனத்தார் தவணை சொல்லிச் சொல்லி இந்த மூன்று மாதத்தையே கடத்தப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலுள்ள அச்சபையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். 1977 இலக்கத்தில் விபரம் கேட்கலாம். விளம்பரத்தின் படம், பற்றுச்சீட்டு, வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்பிரதி, நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றைத் திகதி வரிசையில் கட்டி, இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் அலுவலகத்தின் முத்திரையும் பெற்றுக்கொண்ட திகதியும் இடுவித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். முத்திரை இடமாட்டோம் என்று உத்தியோகத்தர் சொன்னால், அவ்விடத்தில் வாதிடாது, அதே கட்டைப் பக்கத்துத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் இடுங்கள்.