மழையில்லா நாளும் நினைவகத்தின் தேய்வும்

திருவனந்தபுரம் வானாய்வுக்கூடம் 1837-இல் நிறுவப்பெற்றது. அங்கு ஜான் ஆலன் பிரௌன் எடுத்த காந்த அளவீடுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. இன்றும் அவற்றைப் படிக்கலாம். தானியங்கி மழைமானியின் குறிப்புகளோ ஃபிளாஷ் நினைவகத்தில் தங்குகின்றன. அது தாளைப்போல் பொறுமையுடையதன்று.

அந்நினைவகத்தின் எளிய வகையில், மின்னூட்டம் ஏற்றிய அறை 0 எனவும் அழித்த அறை 1 எனவும் கொள்ளப்படும். எலெக்ட்ரான்கள் மெல்லிய ஆக்சைடு படலத்தை ஊடுருவுந்தோறும் அப்படலம் சிறிது நலிகிறது. கோடையில் நாள்தோறும் சுழியே பதிவாகுமாயின், ஏறக்குறைய எல்லா அறைகளும் மின்னூட்டம் பெற்றுத் தேய்கின்றன. அண்டை அறைகளின் மின்னூட்டமும் ஒன்றையொன்று குலைக்கிறது.

இதற்கென நினைவகத்தின் கட்டுப்பாட்டுச் சுற்று, தற்செயல் போலத் தோன்றும் ஓர் இலக்க வரிசையை உண்டாக்குகிறது. செய்தியின் இலக்கமும் வரிசையின் இலக்கமும் ஒத்திருப்பின் 0, மாறுபடின் 1 எழுதப்படும். ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே இதைக் காட்டலாம்: 0000 உடன் 1011 சேர்ந்தால் 1011, மீண்டும் 1011 சேர்த்தால் பழைய 0000. இப்போது ஏறத்தாழப் பாதி அறைகளே மின்னூட்டம் ஏற்கும். பக்கந்தோறும் வரிசை மாறவேண்டும்; இல்லையேல் அதே நிரல் அறைகள் மீண்டும் மீண்டும் தேயும்.

அழித்தலால் வரும் தேய்வை இம்முறை நீக்காது. ஆதலின் களப்பணியாளர் பருவமழைக்கு முன்னரே பதிவுகளைப் படியெடுத்து வைத்தல் வேண்டும்.