தேயிலை மலையிலிருந்து ஜப்பானுக்கு: 50 ஆயிரம் இடங்களில் பள்ளிவாசலுக்கு எத்தனை?

புது தில்லி: திறன் பெற்ற இந்தியர்கள் 50 ஆயிரம் பேருக்கு 5 ஆண்டுகளில் ஜப்பானில் வேலைவாய்ப்பு என்ற இலக்கை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதி டோக்கியோவில் பிரதமர் நரேந்திர மோடியும் அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷிகெரு இஷிபாவும் அறிவித்தனர். இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் சென்றுவர வகை செய்யும் செயல்திட்டத்தின் ஒரு பகுதி இது. அந்த 50 ஆயிரம் பேர் யார், எந்த ஊர்களிலிருந்து செல்வார்கள் என்பதை அறிவிப்பு சொல்லவில்லை.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறை ஒட்டியுள்ள பள்ளிவாசல் போன்ற ஊர்களுக்கு இக்கேள்வி முக்கியமானது. 1940-இல் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர் அது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியே மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர்கள் கோரியும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடனேயே நின்றுவிட்டன.

இவர்களுக்குத் தோட்ட வேலை இருக்கும் வரைதான் லயத்தில் வீடு. ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அல்லது குடும்பத்தில் ஒருவர் அதே வேலையில் சேர வேண்டும். 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறு சாலையில் அமர்ந்த பெண் தொழிலாளர்களின் நாள் கூலி அப்போது 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் அது 301 ஆனது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தபோது 70 பேர் மாண்டனர். இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்றும் எண்ணம் இல்லை என்றால் அதில் வியப்பில்லை. திருப்பூரும் கோவையும் கொச்சியும் ஏற்கெனவே அவர்களை அழைத்துக்கொண்டுவிட்டன. இப்போது ஜப்பானும் கதவைத் திறக்கிறது.

கதவு திறந்த காரணம்

ஜப்பானின் தேவை அதன் மக்கள்தொகைக் கணக்கிலேயே உள்ளது. அங்கு 100 பேரில் 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2024-இல் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 7 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. முதியோரைக் குளிப்பாட்டவும், உணவூட்டவும், படுக்கையிலிருந்து தூக்கி அமர்த்தவும் ஆள் இல்லை.

இதற்காக 2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' என்ற புதிய விசாவை உருவாக்கியது. இதன்படி தொழிலாளர்களை அனுப்புவதற்கான ஒப்பந்தத்தில் இந்தியா 2021 ஜனவரியில் கையெழுத்திட்டது. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், வேளாண்மை, உணவுத் தயாரிப்பு, விடுதிப் பணி உள்ளிட்டவை இதில் அடங்கும். 2024 ஏப்ரல் முதல் 5 ஆண்டுகளுக்கு எல்லா நாடுகளிலிருந்தும் சேர்த்து 8 லட்சத்து 20 ஆயிரம் பேர் வரை எடுக்க ஜப்பான் வரம்பு விதித்தது.

18 வயது நிரம்பியவர்கள் தொழில் திறன் தேர்விலும் அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்விலும் தேற வேண்டும். பராமரிப்புப் பணிக்கு அத்துறைக்கான மொழித் தேர்வு தனியே உண்டு. ஒரே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத ஊதியம் தர வேண்டும் என்பது விதி.

2025-ஆம் நிதியாண்டுக்கு அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியத்தின் தேசிய சராசரி மணிக்கு 1,121 யென். நாளுக்கு 8 மணி, மாதத்துக்கு 22 நாள் என்று கணக்கிட்டால் 1 லட்சத்து 97 ஆயிரம் யென். ரூபாயில் இது 1 லட்சத்தைத் தாண்டும். ஆனால் இதில் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, வீட்டு வாடகை, உணவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. ஊதியத்தை மட்டும் சொல்லி ஆள் சேர்ப்பவர்கள் இந்தக் கழிவுகளைச் சொல்வதில்லை.

முதல் இரண்டு வாரங்கள்

விமான நிலையத்தில் வசிப்பிட அட்டை வழங்கப்படும். குடியேறிய 14 நாள்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையத்தில் வரவேற்பது, வீடு பிடிக்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் உதவுவது, புரியும் மொழியில் விதிகளை விளக்குவது ஆகியவை வேலை தருபவரின் கடமைகள். இந்த உரிமைகளை அறியாமல் செல்பவர் எல்லாவற்றுக்கும் தரகரையே நம்பியிருக்க நேரிடும்.

குப்பையை வகை பிரித்துக் குறித்த நாளில் வைப்பதும், நிலநடுக்கப் பயிற்சியும், சிறு தவறையும் உடனே மேலாளரிடம் தெரிவிக்கும் பணி ஒழுங்கும் பழகப் பழக வந்துவிடும். பெரிய மலை மொழிதான். வினைச்சொல் இறுதியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின் நிற்பதும் தமிழருக்குப் பழகிய அமைப்பு. இவ்வொற்றுமைகளை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு கற்பித்த சுசுமு ஓனோவின் கருத்தை மொழியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆயினும் கற்பவருக்கு இந்த அமைப்பு ஓரளவு கைகொடுக்கும். சீன எழுத்துகளுக்கு அத்தகைய உதவி கிடையாது. முதியவரின் உடல்நிலையைப் பராமரிப்பு ஏட்டில் எழுத வேண்டியவருக்கு அவற்றைத் தவிர்க்க வழியில்லை.

முதல் நிலை விசாவில் மொத்தம் 5 ஆண்டுகள்தான் தங்கலாம். குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. பராமரிப்புப் பணியில் இருப்பவர் அதற்கான தேசியத் தேர்வில் தேறினால் மட்டுமே குடும்பத்துடன் நீடித்து வாழும் வாய்ப்பு. ஆக, ஜப்பானில் குடியமர்வதா, 5 ஆண்டு உழைத்துத் திரும்புவதா என்பதை முடிவு செய்வதும் மொழிதான்.

கங்காணியும் தரகரும்

மலையேறிய முன்னோர் கங்காணியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனோடுதான் தோட்டத்தில் கால் வைத்தனர். ஜப்பானின் 'தொழில்நுட்பப் பயிற்சியாளர்' திட்டம் பற்றிய செய்திகள் அதை நினைவூட்டுகின்றன. பல நாடுகளிலிருந்து சென்ற பயிற்சியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கடன்பட்டு வந்தவர்கள் என்று 2022-இல் ஜப்பான் அரசு வெளியிட்ட ஆய்வு கூறியது. சராசரிக் கடன் 5 லட்சம் யென்னுக்கு மேல். பணியிடம் மாறப் பொதுவாக அனுமதி இல்லாத நிலையில், 2023-இல் மட்டும் 9 ஆயிரத்து 700-க்கும் மேற்பட்டோர் பணியிடத்தை விட்டுத் தலைமறைவாயினர். இந்தியா 2017-இல் சேர்ந்த திட்டம் இதுதான். இதைக் கைவிட 2024 ஜூனில் ஜப்பான் சட்டம் இயற்றியது. நிபந்தனைகளுடன் பணியிடம் மாற இடமளிக்கும் மாற்றுத் திட்டத்துக்கு 2027 ஏப்ரல் என நாள் குறிக்கப்பட்டது.

இந்தியத் தரப்பிலும் ஓட்டை உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் வேலைக்குச் செல்லும்போது அரசு அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் ஜப்பான் இல்லை. அதனால் அந்தச் சரிபார்ப்பும் இல்லை. பதிவு பெற்ற முகவர் 30 ஆயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணம் பெறக் கூடாது என்ற வரம்பு இருப்பது பலருக்குத் தெரியாது. பழைய சட்டத்துக்கு மாற்றாக 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு மசோதாவைத் தோட்டப் பகுதிகளின் கண்கொண்டும் பார்க்க வேண்டும்.

இரு மாநிலங்களின் பொறுப்பு

கேரளத்துக்கு ஒடெபெக், தமிழகத்துக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என இரு அரசுகளும் 1970-களிலேயே ஆள் சேர்ப்பு நிறுவனங்களை அமைத்துவிட்டன. இரண்டுக்கும் இடையில் விழுந்துவிடும் அபாயம் எல்லைத் தமிழருக்கே. 1950-க்கு முன்பே முன்னோர் குடியேறியதை நிறுவினால்தான் கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று கிடைக்கும். தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் வென்ற ஏ. ராஜாவின் தேர்வே இப்பிரச்னையில் 2023-இல் உயர் நீதிமன்றத்தால் ரத்தாகி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில்தான் மீண்டது. சட்டப்பேரவை உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், பயிற்சி உதவித்தொகைக்கோ கடனுக்கோ சான்று தேடி அலையும் தோட்டத் தொழிலாளியின் மகள் எங்கே போவாள்?

தேவை பெரிதல்ல. மூணாறு வட்டாரத்தில் அரசு செலவில் ஒரு ஜப்பானிய மொழி வகுப்பு, ஊதியமும் கழிவும் தமிழில் அச்சிட்ட ஒப்பந்தம், புகாரைத் தமிழில் கேட்கும் ஓர் அலுவலர். இவை இருந்தால் பள்ளிவாசலின் இளைஞர்கள் கடனில்லாமல் விமானம் ஏறலாம். இல்லாவிட்டால், கங்காணியின் பேரேட்டில் முன்னோர் பெயர் ஏறியதைப் போலவே அவர்கள் பெயர் தரகரின் ஏட்டில் ஏறும்.