குணமான பிறகும் ஏன் மார்பகப் பரிசோதனை?

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் இன்று பெரும்பாலும் குணமாகும் நோய். ஆனால் கழுத்து, மார்பு, அக்குள் எனப் பரவலாகப் பாய்ச்சிய பழைய கதிர்வீச்சு, அருகிலிருந்த நல்ல செல்களின் டிஎன்ஏவையும் உடைத்தது. அந்த உடைசலைச் செல் தவறாக ஒட்டவைத்தால், பிழை பல்லாண்டு உறங்கும். 10, 15 ஆண்டு கழித்து மார்பகத்திலோ நுரையீரலிலோ புற்று முளைக்கலாம். பழைய நோய் திரும்பியதல்ல இது, வேறு நோய். பதின்வயதில் மார்பகச் செல்கள் மளமளவென்று பெருகுவதால், அப்போது கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு ஆபத்து மிகுதி.

மருந்தும் விலக்கல்ல. 1960களின் ‘மாப்’ கூட்டுமருந்து சிலருக்கு ரத்தப்புற்றைத் தந்தது. மிலானில் மருத்துவர் பொனடோனா உருவாக்கிய ‘ஏபிவிடி’ கூட்டுமருந்து அந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்தது.

மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணா நீங்கள்? 25 வயது, சிகிச்சைக்குப் பின் 8 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐ, மேமோகிராம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், தயங்காதீர்கள்.